ஒற்றைத் தலைவலி ஒன்றல்ல

தலையின் ஒரு பக்கம் வலித்தால் நம் வீடுகளில் 'ஒற்றைத் தலைவலி' என்போம். டாக்டரிடம் அதையே 'மைக்ரேன்' என்று சொல்லிவிடுவோம். ஆனால் ஒரு பக்கமாக வரும் வலிகள் பல. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

நான் டாக்டர் இல்லை. ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். விட்டு விட்டு வரும் பழுதை, அது வந்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் குறித்து வைத்துத்தான் பிடிப்போம். என் மைத்துனருக்கு நள்ளிரவில் வலது கண்ணைச் சுற்றிக் குத்தும் வலி வரும். பல் என்று நினைத்து இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியாயிற்று, வலி போகவில்லை. ஒரு நோட்டில் குறித்து வரச் சொன்னேன். அதைப் பார்த்த நரம்பியல் டாக்டர் 'கிளஸ்டர்' என்றார்.

மைக்ரேன், மருந்து எடுக்காவிட்டால், 4 முதல் 72 மணி நேரம் இருக்கும். குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, அசையாமல் படுக்கத் தோன்றும். கிளஸ்டர் 15 நிமிடம் முதல் 3 மணி நேரம். வலிக்கும் பக்கத்துக் கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைக்கும். நோயாளி இருப்புக் கொள்ளாமல் நடந்துகொண்டிருப்பார். இதே அறிகுறிகளுடன் 2 முதல் 30 நிமிடம் மட்டும், நாளுக்கு ஐந்து முறைக்கு மேல் வந்தால் அது பராக்சிஸ்மல் ஹெமிக்ரேனியாவாக இருக்கலாம். அதற்கு இண்டோமெதாசின் முழுமையாகக் கேட்கும். கேட்பதே நோய்க்கு அடையாளம். வயிற்றைப் புண்ணாக்கக் கூடிய மருந்து, ஆகவே தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

கிளஸ்டருக்குச் சாதாரண மாத்திரை பெரும்பாலும் உதவாது. முகமூடி வழியே சுத்த ஆக்சிஜன், நிமிடத்துக்கு 12 லிட்டருக்குக் குறையாமல் 15 நிமிடம் தருவார்கள். அல்லது சுமாட்ரிப்டான் ஊசி. இதய நோயாளிகளுக்கு இந்த ஊசி கூடாது. வலி வராமல் தடுக்க, ஈசிஜி பார்த்து வெராபமில் கொடுப்பார்கள்.

எந்தத் தலைவலியானாலும், வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கி வந்தால் அதுவே தலைவலியை உண்டாக்கும்.

இடி விழுந்தாற்போல் திடீர் வலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலியும், மெல்லும்போது தாடை வலியும் வந்தால் அன்றே காட்டுங்கள், பார்வையே போகக்கூடும்.

ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கியிருக்கும் அம்மாவுக்கு இந்த ஊர் டாக்டரிடம் பேச மொழி தெரியாது. மகனோ மருமகளோ தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், எந்தப் பக்கம், கண்ணில் நீர் உண்டா, படுத்தாரா நடந்தாரா, சாப்பிட்ட மாத்திரை எத்தனை என்று ஒரு மாதம் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியாத வலிகள் இவை; டாக்டருக்கு அந்த நோட்டுத்தான் ஆதாரம்.