மெரினாவுக்கு வடக்கேயும் சென்னை உண்டு

வெளியூரிலிருந்து கொள்முதலுக்காகச் சென்னை வரும் நம் வணிக அன்பர்கள் காலையில் வந்திறங்கி, சவுக்கார்பேட்டையிலும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலும் சரக்கைப் பேசி முடித்து, லாரி ஆபீசில் புக்கிங் போட்டுவிட்டால் பகல் இரண்டு மணி ஆகிவிடும். இரவு ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கும். ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் என்றால் மெரினா அல்லது தி.நகர் என்பார்கள். கூப்பிடு தூரத்தில் வடக்கே இருப்பது ஒருவர் நினைவுக்கும் வருவதில்லை. நாற்பது ஆண்டுகளாக இந்தப் பகுதியில் மொத்த வியாபாரம் செய்கிறவன் என்ற முறையில் இதை எழுதத் தோன்றியது.

முதலில் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரை ஓடிற்று. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பம்பாயில் 1853-லும் ஹவுராவில் 1854-லும் ரயில் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் அங்கே முதலில் கட்டிய நிலையங்கள் இன்று இல்லை. ஆகவே நாட்டில் இன்றும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டிடம் நம்முடையது. கோட்டைக்கும், கப்பல் சரக்கு இறங்கும் கடற்கரைக்கும், அன்றைய கறுப்பர் நகர வியாபாரிகளின் கிடங்குகளுக்கும் பக்கம் என்பதால் அதற்கு ராயபுரம் பொருத்தமாக இருந்தது. 1873-ல் சென்ட்ரல் வந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக மவுசு குறைந்தது. வெகுகாலம் பாழடைந்து கிடந்த கட்டிடத்தை 2005-ல் புதுப்பித்தார்கள். அந்த உயர்ந்த தூண் வரிசையைப் பார்க்கவே ஒருமுறை போகலாம்.

இங்கிருந்து வெளியூர் ரயில்கள் புறப்பட வேண்டும் என்று இப்பகுதி மக்களும் வியாபாரிகளும் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். மூன்றாவது முனையம் தாம்பரத்துக்குப் போயிற்று. நம் கோரிக்கை நியாயமானதே. ஆனால் முனையம் வந்தாலும் பழைய கட்டிடத்தில் ஒரு செங்கல்லும் நகரக் கூடாது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

பக்கத்திலேயே படகோட்டிகள் கட்டிய ராயப்பர் தேவாலயம் இருக்கிறது. ஊர்ப் பெயரே அவர் பெயரால் வந்தது என்பார்கள். 1910-ல் எழுந்த பார்சிகளின் அக்கினிக் கோயிலும் ராயபுரத்தில்தான். உள்ளே மற்றவர்களுக்கு அனுமதி இல்லை, வாசலோடு பார்த்துக்கொள்ள வேண்டும்.

வடக்கே போனால் காலடிப்பேட்டை. காலடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த காலெட் என்பவர் கம்பெனியின் துணி ஏற்றுமதிக்காக நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் இது. காலெட்பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று.

அடுத்தது திருவொற்றியூர் தியாகராஜசுவாமி கோயில். மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவானவர். ஆண்டு முழுவதும் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைக் களைந்து புனுகு சாத்துவார்கள். வடிவுடையம்மனுக்குப் பௌர்ணமி நாட்களில் தனிக் கூட்டம். காலையில் மேலூர் திருவுடையம்மன், நடுப்பகலில் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பது வழக்கம். அன்று பூ, தேங்காய் வியாபாரத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இதே ஊரில் கடலோரம் பட்டினத்தார் சமாதி. காவிரிப்பூம்பட்டினத்தில் பெருவணிகராக இருந்து, ஓர் ஊசியைக் கண்டு செல்வத்தை உதறியவர் என்பது கதை. நாமோ ஊசியையும் இருப்புக் கணக்கில் எழுதுகிறவர்கள். ஆனாலும் நம் இனத்தில் ஒருவர், ஒருமுறை போய்க் கும்பிட்டு வரலாம்.

சமாதியிலிருந்து கடலைப் பார்த்தால் மணலைவிடக் கருங்கல் கொட்டிய கரைதான் அதிகம் தெரியும். இதற்கும் மெரினாவுக்கும் சம்பந்தம் உண்டு. நம் கடற்கரையில் மணல் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டத் தொடங்கியதும் அந்த மணல் தெற்கே தேங்கிற்று. மெரினா அகலமாயிற்று. வடக்கே மணல் வரத்து நின்றதால் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் ஊருக்குள் புகுந்தது. தெருத் தெருவாக வீடுகள் போயின. மெரினாவில் சுண்டல் வாங்கித் தின்பவர்கள் அந்த மணலின் விலையை யார் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது.

எண்ணூரைப் பற்றி மகிழ்ச்சியாக எழுத முடியவில்லை. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம், ஒரு காலத்தில் இறாலுக்குப் பேர் போன இடம். இப்போது குழாய்களும் சாம்பலும்தான் கண்ணில் படுகின்றன. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டிற்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடியும் எண்ணெய் கலந்தது. இரண்டு தடவையும் மீனவர்களுக்குத் தொழில் நின்றது. அவர்களுக்கு வருமானம் நின்றால் அரிசிக் கடையிலும் எண்ணெய்க் கடையிலும் பாக்கி நோட்டு தடிப்பது இங்குள்ள சில்லறைக் கடைக்காரர்களுக்குத் தெரியும்.

போவது இப்போது சுலபம். விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில் வந்தது. அந்த வேலை நடந்த வருடங்களில் கடைகளுக்கு எதிரே தகரம் அடைத்து, நடுராத்திரியில் சரக்கு இறக்கிய கஷ்டம் எங்களுக்கு. இப்போது தேரடி நிலையத்தில் இறங்கினால் கோயில் நடக்கிற தூரம். ராயபுரத்துக்கு மட்டும் கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறுங்கள், அடுத்த நிறுத்தம். காசிமேடு மீன் ஏலம் பார்க்க விடியுமுன் போக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகா. திரும்பும்போது தேரடியில் மெட்ரோ ஏறினால் நேரே சென்ட்ரலில் இறங்கிவிடலாம்.