விழுவதற்கு மணல், உருள்வதற்குப் பாதை

ஓர் அகல் விளக்கை இடுப்பளவு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டால் உடைந்துவிடும். அதே உயரத்திலிருந்து மணல் குவியலில் போட்டால் பெரும்பாலும் உடைவதில்லை. இரண்டு முறையும் கீழே தொடும்போது அதன் வேகம் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு? இதற்கு விடை தெரிந்தால் உங்கள் பள்ளியின் விளையாட்டுத் திடலை நீங்களே திட்டமிடத் தொடங்கலாம்.

சறுக்குமரத்தின் மேல்தட்டு 1.2 மீட்டர், அதாவது ஏறக்குறைய 4 அடி உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து தவறி விழும் சிறுவன் தரையைத் தொடும்போது அவனுடைய வேகம் மணிக்கு 17 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். இந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் அழிகிறது என்பதைப் பொறுத்ததே ஆபத்து. விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்துப் பாருங்கள். கெட்டித் தரையில் 1 செ.மீ.க்குள் நின்றால், உடல் தாங்க வேண்டிய வேகக்குறைப்பு சராசரியாகப் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 120 மடங்கு! மணல் 10 செ.மீ. அமுங்கி இடங்கொடுத்தால் 12 மடங்குதான்.

இந்த உயரத்துக்கு 9 அங்குல, அதாவது சுமார் 23 செ.மீ. ஆழ மணல் வேண்டும் என்கிறது அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு. மணலை ஒருமுறை கொட்டிவிட்டால் போதாது. அது நாளடைவில் இறுகும், சிதறும். அவ்வப்போது கிளறி, குறைந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

அப்படியானால் திடல் முழுவதும் மணல் பரப்பிவிடலாமா? சற்றுப் பொறுங்கள். உங்கள் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் தோழி ஒருத்தி இருக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். அவள் எடையும் நாற்காலியின் எடையும் சக்கரங்கள் மண்ணைத் தொடும் சிறிய பரப்பில் இறங்குகின்றன. பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும். சக்கரம் புதையும். விழுபவனைக் காக்கும் அதே நெகிழ்ச்சி, உருண்டு வருபவளைத் தடுத்துவிடுகிறது!

இரண்டுக்கும் ஏற்ற தரை உண்டு. அழுத்தமான ரப்பர் தரை விழும்போது அமுங்கும். சக்கரத்தைப் புதைய விடாது. ஆனால் விலை அதிகம். எனவே அதைச் சாய்வும் பிடிமானமும் உள்ள ஓர் ஊஞ்சலின் கீழ் மட்டும் பதிக்கலாம். மற்ற இடங்களுக்குச் செம்மண்ணும் சரளையும் கலந்து, திமிசு போட்டு இறுக்கிய பாதை போதும். 1.5 மீட்டர் அகலம் இருந்தால் நாற்காலி திரும்பவும் முடியும். பாதையின் ஓரத்தில், முழங்கால் அடியில் நுழையும் உயரத்தில் ஒரு மணல் மேசை அமைத்தால் எல்லோரும் சேர்ந்து விளையாடலாம்.

பாதை ஊஞ்சலின் வீச்சில் குறுக்கிடக் கூடாது. ஊஞ்சல் தொங்கும் கம்பியின் உயரம் 2.4 மீட்டர் என்றால், முன்னும் பின்னும் அதைப்போல் இருமடங்கு, அதாவது 4.8 மீட்டர் வெற்றிடம் வேண்டும்.

வாசலில் 15 செ.மீ. உயரப் படி இருக்கிறதா? 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் என்ற கணக்கில் 1.8 மீட்டர் சாய்தளம் கட்டினால் படி தடையாகாது. 60 கிலோ சுமையை மேலே ஏற்ற, உராய்வு நீங்கலாக, 5 கிலோ எடையைத் தூக்கும் விசையே போதும்.

இவை சலுகைகள் அல்ல. மாற்றுத்திறனாளி மாணவர்கள் மற்றவர்களுக்குச் சமமாக விளையாட வாய்ப்புத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது.

நாளையே ஓர் அளவு நாடாவுடன் திடலுக்குச் செல்லுங்கள். தட்டின் உயரம், மணலின் ஆழம், படியின் உயரம் மூன்றையும் குறித்து வரைபடம் போடுங்கள். சக்கர நாற்காலியில் வரும் தோழர் இருந்தால், முதல் கோட்டை அவரிடம் கேட்டே போடுங்கள். சக்கரம் எங்கே சிக்கும் என்பது அவருக்குத்தானே நன்றாகத் தெரியும்!