உங்களுக்குத் தெரியுமா? தச்சநல்லூர் பனிக்காலமும் வாண்டுகளும்

● நெல்லையின் தச்சநல்லூர் வீடுகளில் குளிர் வந்துவிட்டது என்று முதலில் அறிவிப்பது தேங்காய் எண்ணெய்ப் புட்டிதான். 24 டிகிரி செல்சியஸ் வாக்கில் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். மார்கழி, தை மாத விடியற்காலையில் நெல்லையின் வெப்பநிலை அதற்குச் சற்றுக் கீழே இறங்குகிறது. 20-ஐத் தொடுவது அபூர்வம். பள்ளிக்கூட வேன் வருகிற நேரத்தில் புட்டியின் வாய் அடைத்துக்கொண்டிருக்கும். கரண்டிக் காம்பால் குத்த வேண்டாம், வெந்நீர்ச் செம்பில் நிறுத்தினால் போதும். உறைந்து உருகுவதால் எண்ணெய் கெடுவதில்லை. குளிர்பெட்டியில் வைத்துப் பார்த்தும் ஒரு பகுதி மட்டும் உறையாமல் தனியே நின்றால், அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கலாம்.

● "ஏலே, பனி தலையில இறங்குது, குல்லாவ மாட்டுல!" இது எங்கள் பக்கத்து ஆச்சிகளின் மார்கழி மந்திரம். உண்மையில் பனி மேலேயிருந்து இறங்குவதில்லை. மேகமில்லாத இரவில் புல், ஓடு, வாசலில் நிற்கிற பைக்கின் இருக்கை எல்லாம் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன. அவற்றைத் தொடும் காற்றிலுள்ள ஈரம் அங்கேயே நீராகப் படிகிறது. லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் கம்பளித் துணுக்குகளை இரவில் தோட்டத்தில் வைத்து, காலையில் எடை பார்த்துப் பார்த்து இதை நிறுவினார். அவருடைய நூல் வெளிவந்தது 1814-இல். தாமிரபரணிப் பக்கம் பனி கூடுதலாகத் தெரிய இன்னொரு காரணமும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் குளங்கள் பெருகி, பிசான நெல் பச்சையாக நிற்கிற காலம் இது. காற்று ஏற்கெனவே ஈரத்தோடுதான் வீசுகிறது.

● அதற்காக ஆச்சியை முழுக்கத் தள்ளிவிட முடியாது. பிறந்த குழந்தையின் நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு தலைதான். பெரியவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்கு. அதனால் குழந்தை கணிசமான சூட்டைத் தலை வழியாக இழக்கிறது. வெளியே தூக்கிப் போகும்போது குல்லா நல்லதே. வீட்டுக்குள், காற்றோட்டமில்லாத அறையில், குல்லாவும் போட்டு இரண்டு போர்வையும் சுற்றித் தூங்க வைப்பதுதான் ஆபத்து. சளியைத் தருவதும் பனியல்ல, வைரஸ். பள்ளிக்குப் போகத் தொடங்கிய சின்னப் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு என்கின்றன குழந்தை மருத்துவ நூல்கள். "எம் பிள்ளைக்கு மட்டும் எப்பவும் மூக்கு ஒழுகுது" என்று நினைக்கிற தாய்மார் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

● பச்சைக் குழந்தைக்குச் சரியாக நடுங்கத் தெரியாது. குளிரில் நம் தசைகள் செய்கிற வேலையை, தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்துப் பக்கத்திலும் இருக்கிற பழுப்புக் கொழுப்பு எரிந்து செய்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குக் குளிப்பாட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது அதனால்தான். எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டிவைக்கும் 'கங்காரு' முறை 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. இப்போது அது நம் அரசு மருத்துவமனைகளிலும் உண்டு.

● பின்லாந்தில் குழந்தை பிறக்கப் போகிற வீட்டுக்கு அரசு ஒரு பெட்டி தருகிறது. 1938-இல் ஏழைத் தாய்மாருக்கென்று தொடங்கிய திட்டம், 1949-இலிருந்து எல்லோருக்கும். உள்ளே மெத்தை, உடுப்புகளோடு பனியில் போட ஒரு முழு உறையாடை. தமிழ்நாட்டிலும் 2015-இல் அரசு மருத்துவமனையில் பிறக்கிற குழந்தைகளுக்கு 16 பொருள்கள் கொண்ட பரிசுப் பெட்டகம் தரத் தொடங்கினார்கள். அதில் பனியாடைக்குப் பதிலாகக் கொசுவலை இருந்தது. அவரவர் ஊர் எதிரி அவரவருக்கு.

அதே பின்லாந்திலும் நார்வேயிலும் குளிர்காலத்தில் குழந்தையை நன்றாகப் பொதிந்து, தள்ளுவண்டியோடு வீட்டு வாசலில் விட்டுப் பகல் தூக்கம் போடவைப்பார்கள். எங்கள் ஆச்சிகளிடம் இதைச் சொல்லிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

● சளிக்கு வீட்டில் எடுக்கிற மருந்துகளில் சிலவற்றைச் சற்று நின்று யோசித்தே கொடுக்க வேண்டும்.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் துளசிச் சாற்றோடு தேன் குழைத்து நாக்கில் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். உடல் துவண்டு, மூச்சே நிற்கலாம். இந்த நோய் 1976-இல்தான் இனம் காணப்பட்டது. எனவே நம் பாட்டிகள் அறியாமல் போனதில் குற்றமில்லை. ஓராண்டு கடந்தபின் தேன் தாராளமாகத் தரலாம்.

பேர் சொல்லாததை, அதாவது வசம்பை, சுட்டு உரைத்துப் புகட்டுவதும் வேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள். கையில் வளையலாகக் கட்டினாலும் குழந்தை வாயில் வைத்துச் சப்பத்தானே செய்யும்! கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகரக் கொடுப்பது இன்னும் மோசம். அது வலிப்பு வரை கொண்டுபோயிருக்கிறது. கற்பூரம் கலந்த தைலங்களை இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தடவக் கூடாது.

கடையில் கேட்டு வாங்குகிற சிரப் விஷயம் இன்னும் கவலையானது. குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. 2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் பல குழந்தைகளைப் பலிகொண்ட இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்ததைத் தமிழ்நாட்டு ஆய்வகம் கண்டறிந்தது. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டும், ஒரு வயதைத் தாண்டிய பிள்ளையின் இருமலுக்கு ஒரு கரண்டித் தேனும் போதுமான அளவு வேலை செய்யும். அடுத்த முறை கடைக்காரரிடம் "போன தடவ குடுத்த அதே சிவப்பு மருந்து" என்று கேட்பதற்கு முன் யோசியுங்கள்.

● தலைக்கு ஊற்றியபின் காட்டுகிற சாம்பிராணி, சுமத்ராத் தீவு போன்ற இடங்களில் மரத்தைக் கீறி எடுக்கிற பிசின். வாசனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் புகை புகையே. இழுப்பு உள்ள பிள்ளைக்கு ஆகாது. ஈரத்தைத் துவர்த்த ஒரு நல்ல துண்டு போதும்.

● மார்கழிக் காலையில் கிணற்றுத் தண்ணீர் ஏன் வெதுவெதுப்பாக இருக்கிறது? தண்ணீர் சூடாகவில்லை, நிலத்தடி நீர் ஆண்டு முழுவதும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில்தான் இருக்கிறது. மேலே காற்று குளிர்ந்துவிட்டதால் நம் தோலுக்கு அப்படித் தோன்றுகிறது. விடியலில் தாமிரபரணியில் ஆவி பறப்பதும் இதனால்தான். ஆற்று நீர் காற்றைவிடச் சூடு. எழும் ஈரம் குளிர்ந்த காற்றில் உடனே புகையாகிறது. கரையில் நின்று நடுங்குகிற பையன் தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் மேலே வர மாட்டேன் என்பதற்கும் காரணம் இதுவே.

● 2023-இல் மார்கழி பிறந்தது டிசம்பர் 17 அன்று. அன்றும் மறுநாளும் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு நெல்லைச் சந்திப்புப் பகுதியை மூழ்கடித்தது. பனிப்பொழிவுக்காகப் பள்ளிகளை மூடுகிற நாடுகள் உண்டு. எங்கள் பக்கத்துக் குளிர்கால விடுமுறை இப்படித்தான் வரும்.

● பனி பெய்கிற நாட்டுப் பிள்ளைகள் பனிக்கட்டியில் வீடு கட்டுவார்கள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் குழந்தைகள் அதே பருவத்தில் களிமண்ணால் வீடு கட்டுவார்கள். சிறுவீட்டுப் பொங்கலைச் சொல்கிறேன்.

மார்கழி முழுக்க அதிகாலையில் வாசல் தெளித்துக் கோலமிட்டு, சாணியைப் பிடித்து வைத்து, அதில் பூசணிப்பூவோ செம்பருத்தியோ செருகுவார்கள். வெயில் ஏறியதும் அந்தப் பூவைச் சாணத்தோடு சேர்த்துச் சின்ன வரட்டியாகத் தட்டிக் காயவைப்பது பிள்ளைகள் பொறுப்பு. நாளுக்கு நாள் வரட்டி சேரும். யார் வீட்டில் எத்தனை என்று தெருவில் எண்ணிக்கைச் சண்டை நடக்கும். தைப் பொங்கல் கழிந்து ஒரு நாள் பார்த்து, முற்றத்தில் களிமண்ணால் கட்டிய சிறுவீட்டுக்கு முன்னால் அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவார்கள். தரையோடு தரையாக இருக்கும் அந்த வீட்டுக்கு வாசல் உண்டு, அறை உண்டு, அடுக்களை உண்டு. பெரியவர்கள் உதவலாம்; எஜமானி அந்தச் சிறுமிதான். பிறகு சேர்த்துவைத்த வரட்டிகளையும் கொஞ்சம் பொங்கலையும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய், வரட்டியில் சூடம் ஏற்றி நீரில் விடுவார்கள். கும்மியும் உண்டு.

இந்த விளையாட்டு வெகு பழையது. ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகமே, நாங்கள் கட்டிய சிற்றிலைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் சிறுமிகள் கெஞ்சுவது. ஆண்பாற் பிள்ளைத்தமிழிலும் சிற்றில் ஒரு தனிப் பருவம். பிள்ளைத்தமிழுக்குப் பேர்போன குமரகுருபரர் இதே தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர். ஐந்து வயது வரை பேசாதிருந்து திருச்செந்தூரில் வாய் திறந்ததாகச் சொல்வார்கள். முற்றம் இல்லாத அடுக்குமாடி வீடுகளில் இப்போது சிறுவீடு மொட்டைமாடிக்கு ஏறியிருக்கிறது. சாணி கிடைப்பதுதான் பெரும்பாடு. ஆனாலும் விட்டுவிடாமல் செய்கிற வீடுகள் இருக்கின்றன. அரையாண்டு விடுமுறையில் கைப்பேசியைப் பிடுங்குவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

● பொங்கல்படியில் கரும்போடு வருகிற பனங்கிழங்கு, ஒரு பனைமரத்தின் முதல் முளை. பனங்கொட்டைகளை மண்ணில் பரப்பிப் புதைத்தால் மூன்று நான்கு மாதத்தில் கிழங்கு. பொறுமையில்லாத பிள்ளைகள் இடையிலேயே கொட்டையைத் தோண்டி வெட்டி, உள்ளிருக்கும் வெள்ளைத் தவுணைத் தின்றுவிடுவார்கள். சுக்குக் காப்பிக்குப் போடுகிற கருப்பட்டியோ கோடையில் இறக்கிய பதநீரில் காய்ச்சியது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு 2023-இல் கிடைத்தது.

● உறைபனி பார்க்க இமயமலைக்குப் போக வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் உதகையின் புல்வெளிகள் விடியலில் வெள்ளையாகவே இருக்கும்.

● சென்னை 'ஐஸ் ஹவுஸ்' 1842-இல் கட்டப்பட்டது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டிக்கு அது கிட்டங்கி. இன்று அது விவேகானந்தர் இல்லம்.

● பனிக்குப் பயந்து நெல்லைக்கு வருகிறவர்களும் உண்டு: மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டிப் பறந்துவரும் வரித்தலை வாத்துகள். அவை வந்திறங்கும் கூந்தன்குளம் 1994-இல் சரணாலயமானது. அங்கே கூழைக்கடாக்களும் நாரைகளும் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டும், ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. தொலைவாகத் தோன்றினால் தச்சநல்லூருக்குப் பக்கத்திலேயே நயினார்குளம் இருக்கிறது. 2011 முதல் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். குல்லாவோடு.

● டொரன்டோ வாழ் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பொங்கல் வருவது கடும் பனிக்காலத்தில். ஒன்ராறியோ மாகாணம் 2014-இலும், கனடா நாடாளுமன்றம் 2016-இலும் ஜனவரியைத் தமிழ் மரபு மாதமாக ஏற்றன. அங்கே அம்மாக்களுக்குத் தெரிந்த ஒரு விதி: தடித்த பனிச்சட்டையோடு பிள்ளையைக் காரின் குழந்தை இருக்கையில் கட்டக் கூடாது. மோதினால் சட்டையின் பஞ்சு அமுங்கி, வார் தளர்ந்துவிடும். கட்டிய பிறகு மேலே போர்த்த வேண்டும்.

● பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், அதாவது மார்கழியில். அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கி.மீ.; ஜூலையில் இருப்பதைவிட 50 லட்சம் கி.மீ. குறைவு. இருந்தும் குளிர்வது பூமியின் சாய்வால்.

● நெல்லையில் ஆண்டின் குறுகிய பகல் டிசம்பர் 21 வாக்கில். சுமார் 11 மணி 36 நிமிடம். டொரன்டோவில் அன்று 9 மணி நேரம்கூட இல்லை. ஆனால் மிகத் தாமதமான விடியல் நமக்கு அன்றைக்கு அல்ல. டிசம்பர் 21-இல் ஏறத்தாழ 6.29-க்கு உதிக்கும் சூரியன், ஜனவரி கடைசியில் 6.40-க்குத்தான் எட்டிப்பார்க்கும். பகல் நீள்கிறது, நீளுவது மாலைப் பக்கம். தை பிறந்த பிறகும் "இன்னும் விடியலியே" என்று போர்வைக்குள் சுருளும் பிள்ளை சொல்வது வானியல்படி சரி. வேன் மட்டும் அதே நேரத்துக்கு வந்து ஹாரன் அடிக்கும்.