காலி நாற்காலி கற்றுத் தரும் பாடம்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பார்கள் நம் பெரியவர்கள். விளையாட்டுச் சந்தைப்படுத்தல் என்ற பல்கலைக்கழகப் பாடத்திற்கு இது மிகவும் பொருந்தும்.

இத்துறைக் கல்வி பிறந்ததே களத்தின் தேவையால்தான். புரூக்லின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் குழுவின் உரிமையாளர் வால்டர் ஓமாலி, விளையாட்டு நிர்வாகத்திற்கெனப் பயிற்சி பெற்றவர்களை எங்கே தேடுவது எனக் கேட்டு 1957-இல் பேராசிரியர் ஜேம்ஸ் மேசனுக்குக் கடிதம் எழுதினார். அதன் பலனாக 1966-இல் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு நிர்வாக முதுகலைப் படிப்பு தொடங்கியது.

இன்று அமெரிக்காவில் இப்பாடத்தைச் செயல்திட்டம் வழியாகவும் கற்பிக்கிறார்கள். கூட்டம் குறைவாக வரும் ஓர் ஆட்டத்தை, உதாரணமாகப் பெண்கள் கைப்பந்து ஆட்டத்தை, மாணவர் குழுவிடம் விரிவுரையாளர் ஒப்படைப்பார். மக்கள் ஏன் வருவதில்லை என்பதை மாணவர்கள் முதலில் விசாரித்தறிய வேண்டும். பிறகு விளம்பரம் செய்வது, ஆதரவாளர்களைத் தேடுவது, நுழைவுச்சீட்டு விற்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆட்ட நாளன்று நாற்காலிகள் காலியாக இருந்தால், அதற்குச் சாக்குப்போக்கு சொல்ல முடியாது.

மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா பயின்றபோது, நேர்காணல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவள் நான். முதல் நேரலையில் விருந்தினர் ஒரே சொல்லில் பதிலளித்து நிறுத்தியபோதுதான், அடுத்த கேள்வியின் அருமை எனக்குப் புரிந்தது!

ஆனால், செய்வது மட்டுமே கல்வியாகிவிடாது. அனுபவம், அதைப் பற்றிய சிந்தனை, அதிலிருந்து பெறும் கருத்து, மறுபடியும் முயற்சி என நான்கு படிகளை டேவிட் கோல்ப் 1984-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். சீட்டு விற்றதோடு திட்டம் முடிந்தால், மாணவர் சம்பளமில்லா விற்பனையாளர்தான். எது பலித்தது, எது பலிக்கவில்லை, ஏன் என்று வகுப்பில் அலசி ஆராய்ந்தால்தான் அது பாடமாகும்.

ஆகவே, இத்துறையைத் தேர்ந்தெடுக்க எண்ணும் பிள்ளைகளும் பெற்றோரும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். செயல்திட்டம் உண்டா? அதை வழிநடத்துபவர் யார்? முடிந்த பிறகு தவறுகளைப் பேச நேரம் ஒதுக்குகிறார்களா? மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் வந்தால், அங்கே தாராளமாகச் சேரலாம்.