சாவி மட்டும் அவரிடம்!

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறதல்லவா? "பத்தே நாள் இருக்கட்டும் அக்கா, வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று உறவினர் யாரோ வைத்துவிட்டுப் போனது! பத்து நாள் பத்து மாதமாயிற்று. திறந்து பார்ப்பது மரியாதையல்ல; தூக்கி எறியவும் மனம் வரவில்லை. மழையில் பரண் ஒழுகினால் மட்டும் பதைப்பு உங்களுக்குத்தான்!

ஒரு பெட்டிக்கே இந்தப் பாடென்றால், ஆயிரம் பெட்டிகளுக்குக் காவலிருப்பவரைச் சற்று நினைத்துப் பாருங்கள். ராயபுரம் தாண்டித் திருவொற்றியூர், மணலி, எண்ணூர்ப் பக்கம் போனால், எங்கே பார்த்தாலும் கிடங்குகள், கண்டெய்னர் அடுக்கிய முற்றங்கள். அவற்றை நிர்வகிக்கும் மானேஜர்களுக்குப் பார்வைக்கு நாற்காலி உத்தியோகம்தான். உள்ளே இருக்கும் கஷ்டம் வேறு.

கப்பலில் வந்த சரக்கைச் சுங்க இலாகாவின் எழுத்துமூலமான அனுமதியின்றி வெளியே விடக் கூடாது என்கிறது 1962-ஆம் வருஷச் சட்டம். காவலில் இருக்கும்போது களவு போனால், அதற்கான வரியைக் காவல் வைத்தவர்களே கட்ட வேண்டும். உரியவர் 30 நாளில் வராவிட்டால் விற்கலாம். ஆனால் அவருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதிகாரியின் அனுமதியும் வேண்டும். அதுவரை இடம் அடைபட்டிருக்கும், வாடகையும் நின்றிருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நள்ளிரவு டெலிபோன் மணி அடித்தால், அந்த வீட்டில் அப்புறம் யாருக்குத் தூக்கம் வரும்?

இவையாவது சில்லறைத் தொல்லைகள். பெரிய தொல்லை, ஆபத்தான சரக்கு வழக்கில் சிக்கிக்கொள்வது. 2015-ல் வெளிநாட்டிலிருந்து வந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட்டைச் சுங்க இலாகா கைப்பற்றியது. உரத்துக்கும் உதவும், வெடிமருந்துக்கும் உதவும் உப்பு அது. 37 கண்டெய்னர்களில் மணலியில் அது வருஷக்கணக்காகத் தங்கிவிட்டது. விருந்தாளி போகவும் இல்லை. போகச் சொல்லக் கிடங்குக்காரருக்கு அதிகாரமும் இல்லை!

2020, ஆகஸ்ட் 4-ஆம் தேதி, கடல் கடந்த பெய்ரூட் துறைமுகத்தில் ஒரு கிடங்கு வெடித்தது. 2014 முதல் அங்கே முடங்கிக் கிடந்த 2,750 டன்னும் இதே சரக்குத்தான். 200-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அந்தச் செய்தி வந்த பிறகே சென்னையும் திடுக்கிட்டு மணலிப் பக்கம் திரும்பிப் பார்த்தது. ஐந்து வருஷம் அசையாத சரக்கு, அதே மாதத்தில் ஐதராபாத்துக்குப் புறப்பட்டது.

நல்லவேளை, இங்கே ஒன்றும் நேரவில்லை. ஆனால் அந்த ஐந்து வருஷமும் அக்கம்பக்கத்தில் உலை வைத்த பெண்களுக்கு, அருகில் இருப்பது இன்னதென்று தெரிந்திருக்குமா? தெரிந்த மானேஜருக்கோ, பூட்டைச் சரிபார்ப்பதைத் தவிர வேறென்ன வழி? சாவி ஒருவரிடம், தீர்மானம் வேறொருவரிடம் என்றிருப்பதுதான் இந்த உத்தியோகத்தின் உண்மையான கஷ்டம்.

சரி, உங்கள் பரணுக்கு வருவோம். அங்கே தீர்மானமும் உங்களுடையதுதானே? இன்றைக்கே அந்த உறவினருக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள்!