புள்ளியெழுத்தும் பொதுப்பள்ளியும்

குறைபாடு வேறு, தடை வேறு. குறைபாடு என்பது உடலிலோ புலனிலோ அமைந்த ஒரு நிலை. அந்நிலையை எண்ணிப் பாராமல் அமைக்கப்பட்ட படிக்கட்டோடும் பாடநூலோடும் தேர்வுமுறையோடும் அது மோதுமிடத்தில் பிறப்பதே தடை. பார்வையற்ற சிறுமிக்கு மையால் அச்சிட்ட நூல் தடையாகிறது. அதே பாடம் தொட்டறியும் எழுத்தில் அமைந்துவிட்டால், அவள் கண்ணின் நிலை மாறாமலே தடை நீங்கிவிடுகிறது.

இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டால், பள்ளிகள் இத்தகைய பிள்ளைகளை ஏற்கும் முறை மூவகைப்படும். அவர்களுக்கென்றே அமைந்த பள்ளியில் கற்பிப்பது தனிக்கல்வி. பொதுப்பள்ளியில் இடம் தந்து, பள்ளிக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ளும் சுமையைப் பிள்ளைகள்மேலேயே வைப்பது இணைப்புக் கல்வி. குறைபாடு உள்ளோரும் இல்லாதோரும் ஒன்றாகப் பயில, கற்பிக்கும் முறை பிள்ளைகளுக்கேற்பத் தகவமைவது உள்ளடங்கு கல்வி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இம்மூன்றாவதையே வரையறுத்து ஏற்றுள்ளது.

மும்பையின் தாதர் பகுதி இவ்வரலாற்றில் நெடுநாள் இடம்பெற்றுள்ளது. அமெரிக்க மராத்தி மிசனைச் சேர்ந்த அன்னா மில்லர்டு 1900இல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி, இன்று கமலா மேத்தா தாதர் பார்வையற்றோர் பள்ளி என்னும் பெயரில் கிழக்குத் தாதரில் பெண்பிள்ளைகளுக்கு உரியதாய் விளங்குகிறது. தனிக்கல்வி பிள்ளைகளைப் பிரித்துவைத்தது என்னும் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆயினும் வேறெந்தப் பள்ளியும் கதவு திறவாத காலத்தில், விரலால் படிக்கும் கலையைக் கற்பித்துக் காத்தவை இத்தனிப்பள்ளிகளே என்பதை நன்றியோடு சொல்லியாக வேண்டும்.

அக்கலையின் அமைப்பை உற்றுநோக்குதல் தகும். பிரான்சு நாட்டு லூயி பிரெயில் வகுத்த புள்ளியெழுத்தில், விரல்நுனிக்குள் அடங்கும் ஒரு சிற்றறையில் நிரைக்கு மூன்றாக ஆறு புள்ளியிடங்கள் உள்ளன. ஒவ்வோர் இடமும் புடைத்திருக்கலாம் அல்லது வெறுமையாய் இருக்கலாம். ஆகவே 64 நிலைகள் பிறக்கின்றன. முற்றும் வெறுமையானதை நீக்க, 63 வடிவங்கள் எஞ்சுகின்றன. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்னும் தமிழ் அடிப்படை எழுத்துகள் 31க்கும் மெய்யைக் காட்டும் புள்ளிக்குறி ஒன்றுக்கும் அவற்றில் சற்றேறக்குறையப் பாதியே போதுகிறது. 247 எழுத்துகளையும் அவற்றைக் கோத்தே எழுதிவிடலாம். கண்ணால் படிக்கும் எழுத்தில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறி ககரத்தின் இருபுறமும் பிளந்து நிற்கிறது. புள்ளியெழுத்திலோ ககரத்தை அடுத்து ஒகரம் வருகிறது. ஒலி பிறக்கும் முறையிலேயே விரல் அதனைப் படிக்கிறது. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய்யாகும் நம் இலக்கண நெறி இங்கே கைக்குத் தெரியும் பொருளாகவே அமைந்துவிடுகிறது.

1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாகப் பாரதி பிரெயில் ஏற்கப்பட்டபோது, ஒத்த ஒலிக்கு ஒத்த புள்ளி என்னும் நெறி நிலைபெற்றது. தமிழ்க் ககரத்துக்கும் மராத்திக் ககரத்துக்கும் முதற்புள்ளியும் மூன்றாம் புள்ளியுமே வடிவம். மராத்திப் புள்ளியெழுத்து அறிந்தவர் தமிழுக்கெனப் புதிதாய்க் கற்க வேண்டிய வடிவங்கள் ழ, ற, ன, குறில் எ, ஒ முதலிய சிலவே.

தாதருக்கு வடக்கே, மாதுங்காவைக் கடந்தால் தாராவி. தமிழர் தலைமுறைகளாய் வாழும் அவ்விடத்தில், குறைபாடுள்ள பிள்ளைகளை எப்படி ஏற்பது என்னும் கேள்வி வேறு வடிவில் எழுந்தது. 1972இல் மும்பையில் மூளை முடக்கமுற்ற பிள்ளைகளுக்காக ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியை நிறுவிய மிது ஆலூர், 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை இலண்டன் பல்கலைக்கழக ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். ஊட்டமும் தடுப்பூசியும் முன்பள்ளிக் கல்வியும் தரும் அத்திட்டத்தின் அங்கன்வாடிகளில் குறைபாடுள்ள குழந்தைகள் கணக்கிலேயே இல்லை என்பதை அவ்வாய்வு காட்டியது. வெளிப்படையாகத் தடுத்தவர் எவருமில்லை. திட்டம் அவர்களை எண்ணவில்லை, அவ்வளவே. பின்னர் அவருடைய அமைப்பு தாராவி அங்கன்வாடிகளில் அக்குழந்தைகளை மற்றவர்களோடு அமரவைத்துச் செயல்முறை ஆய்வு நடத்தியது. வளமான பள்ளிகளுக்கே உள்ளடங்கு கல்வி இயலும் என்போர் இவ்விடத்தை ஊன்றி நோக்க வேண்டும்.

அரசின் நடையோ மெதுவானது. 1974இல் தொடங்கிய இணைப்புக் கல்வித் திட்டம் முதலில் நலத்துறையின் கையில் இருந்தது. கல்வித்துறைக்கு 1982இல்தான் வந்தது. கற்பித்தல் ஈகையாகக் கருதப்பட்டதன் அடையாளம் இத்தாமதம். 1994இல் சிறப்புத் தேவைக் கல்வி பற்றிய சலமான்கா அறிக்கை உலக நாடுகளைப் பொதுப்பள்ளியின் பக்கம் திருப்பியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய பிள்ளைகளுக்கு அகவை 6 முதல் 18 வரை கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கி, அண்மைப்பள்ளியோ தனிப்பள்ளியோ தேர்ந்துகொள்ள வழிவிட்டது. அவ்வழி திறந்திருப்பது நன்று. ஆனால் அண்மைப்பள்ளியில் புள்ளியெழுத்து அறிந்த ஆசிரியர் இல்லையெனில், தேர்வு என்பது பெயரளவில் நிற்கும்.

ஆகவே தனிப்பள்ளிகளை மூடுவது உள்ளடங்கு கல்வி ஆகாது. அவற்றுள் திரண்ட கலையைப் பொதுப்பள்ளிக்குள் கொண்டுசேர்ப்பதே உள்ளடங்கு கல்வி. இப்பிள்ளைகளுக்குத் தொடக்கநிலையில் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் அமைய வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. தமிழும் அதன் புள்ளியெழுத்தும் கற்ற ஆசிரியர் ஒருவரைத் தாதரிலிருந்து தாராவிக்கு வாரந்தோறும் அனுப்பப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. பணியிடமும் ஊதியமும் பயணப்படியும் ஒதுக்கினால் போதும்.