பேறு பார்த்தவர்

மறையாதவர்கள் – 17

ரோசா ரொய்சின்ப்ளித் படித்தது பிரசவம் பார்க்க. ரஷ்யப் பேரரசிலிருந்து கப்பலேறி வந்த யூதர்கள் 1889இல் அர்ஜென்டினாவில் உண்டாக்கிய மொய்சஸ் வில் என்ற ஊரில் 1919இல் பிறந்தவர். ரொசாரியோவில் படித்துவிட்டு ஊரார் பிள்ளைகளைக் கையில் ஏந்தினார். பிறகு கல்யாணம், புவனோஸ் அயர்ஸ், ஒரே மகள் பத்ரிசியா. 1972இல் கணவர் இறந்தார்.

1976 மார்ச்சில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மருத்துவம் படித்த பத்ரிசியாவும் அவள் கணவர் ஹோசேயும் மொந்தொனெரோஸ் என்ற ஆயுதமேந்திய இயக்கத்தில் இருந்தவர்கள். அதை மறைத்து எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. குற்றம் செய்தார்கள் என்றால் கோர்ட்டில் நிறுத்தியிருக்க வேண்டியதுதானே? 1978 அக்டோபர் 6 அன்று இருவரையும் தூக்கிப்போனார்கள். பத்ரிசியாவுக்கு அப்போது எட்டு மாதம். பதினைந்து மாதக் குழந்தை மரியானாவை மட்டும் உறவினரிடம் விட்டுவிட்டார்கள்.

நவம்பர் 15. கடற்படைப் பள்ளி வளாகத்து வதைமுகாமில் பத்ரிசியாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பேறு பார்க்கவே படித்த தாய் அதே நகரத்தில்தான் இருந்தார். மகள் எங்கே என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. முகாமிலிருந்து உயிரோடு மீண்ட பெண்கள் மூலம்தான் பேரன் பிறந்த சேதியே கிடைத்தது. மகளும் மருமகனும் திரும்பவில்லை. பேரன் எங்கே என்றும் தெரியவில்லை.

இப்படிப் பிள்ளையையும் பேரப்பிள்ளையையும் ஒருசேரப் பறிகொடுத்தவர்கள் 1977இல் சேர்ந்ததுதான் ‘மாயோ சதுக்கத்துப் பாட்டிகள்’ அமைப்பு. களவுபோன குழந்தைகள் ஐந்நூறு பேர் இருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. ரோசாவும் அதில் சேர்ந்தார். பேரனைத் தேடினார்.

தேடிக் கண்டுபிடித்தாலும், இது நம் குழந்தைதான் என்று எப்படி நிரூபிப்பது? பெற்றவர்கள் உயிரோடு இல்லை. அங்கேதான் இந்தப் பாட்டிகளை வியக்கிறேன். அழுததோடு நிற்காமல் வெளிநாட்டு விஞ்ஞானிகளைத் தேடிப்போய், எங்கள் ரத்தத்தை வைத்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் 1984இல் அர்ஜென்டினாவுக்கு வந்தார். பெற்றோர் இல்லாமலே பாட்டி, தாத்தாவின் மரபுக்கூறுகளைக் கொண்டு உறவைக் கணக்கிடும் முறை உருவானது. பின்னர் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவும் கைகொடுத்தது. அது தாய்வழியில் மட்டுமே இறங்குவது. மகளைப் பெற்ற பாட்டியிடம் இருப்பதுதான் பேரனிடமும் இருக்கும். 1987இல் சட்டம் போட்டுத் தேசிய மரபணு வங்கியே அமைத்தார்கள். பாட்டிகள் கண்மூடினாலும் அவர்கள் ரத்தம் சாட்சி சொல்லும் ஏற்பாடு அது.

2000இல் அமைப்புக்கு ஒரு ரகசியத் தகவல் வந்தது. துரித உணவுக் கடை ஒன்றில் வேலை பார்த்த இளைஞனைத் தேடிப்போனவள் அக்கா மரியானா. அவன்தான் ரோசாவின் பேரன் என்று பரிசோதனை உறுதிசெய்தது. விமானப்படையில் வேலை பார்த்த ஒருவர் அவனைத் தன் மகனென்று வளர்த்திருந்தார். இருபத்தொரு வயதுவரை அப்பா என்று அழைத்தவரைக் குற்றவாளி என்று ஏற்க எந்தப் பிள்ளைக்கு உடனே மனம் வரும்? கியெர்மோ என்ற அந்தப் பேரன் பாட்டியோடு ஒட்டுவதற்குக் காலம் பிடித்தது. பின்னாளில் அவர் வழக்கறிஞரானார்.

2016இல், விமானப்படையின் முன்னாள் தலைமைத் தளபதி ஒமர் கிராஃபிக்னாவுக்கு, பத்ரிசியா–ஹோசே கடத்தல் வழக்கில் 25 ஆண்டு சிறை. ரோசாவுக்கு அப்போது 97 வயது. நூறு வயதைத் தாண்டியும் அமைப்பின் துணைத்தலைவராக இருந்தார். 2025 செப்டம்பரில், 106ஆம் வயதில் காலமானார். அதற்குள் 140 பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டிருந்தார்கள்.

அவர் துணைத்தலைவராக இருந்தபோது அமைப்பின் தலைவர் எஸ்தெலா தெ கார்லோத்தோ. ஊரார் பேரப்பிள்ளைகளையெல்லாம் மீட்டுக்கொடுத்த அவருக்குத் தன் பேரன் கிடைக்க 2014 வரை ஆயிற்று. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)